உரோமப் பிராணிகளும் வேட்டைச் சட்டங்களும்

1805-ஆம் வருஷத்தில் நியூயார்க் மாகாணத்தின் உச்ச நியாயஸ்தலத்தின் முன் வந்த நரி வழக்கு ஒன்றை, சொத்துரிமைப் பாடத்தைத் தொடங்கும் அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் முதற் பாடங்களுள் ஒன்றாகப் படிக்கிறார்கள். லாங் ஐலண்டின் கடலோரத் தரிசு நிலத்திலே போஸ்ட் என்பவர் தம் வேட்டை நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டு வர, அது அகப்படும் தறுவாயில் பியர்ஸன் என்பவர் குறுக்கே புகுந்து அதைக் கொன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். துரத்தியவருக்கு அந்த நரி சொந்தமா, கொன்றவருக்குச் சொந்தமா என்பதே வழக்கு. பிற்காலத்தில் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக விளங்கிய நீதிபதி டாம்ப்கின்ஸ், வெறுமனே துரத்துவதனால் பாத்தியதை உண்டாகாதென்றும், பிராணியை மரண காயப்படுத்தியோ, வலையிலோ பொறியிலோ சிக்க வைத்தோ, இனித் தப்ப இயலாதபடி தன் வசப்படுத்தியவனுக்கே அது உடைமையாகும் என்றும் தீர்ப்பெழுதினார். மாறுபட்ட அபிப்பிராயம் எழுதிய லிவிங்ஸ்டனோ, நரி மக்களுக்குத் தீங்கு செய்யும் மிருகமாதலால் அதை ஒழிக்கப் பாடுபடுகிறவனுக்கு ஊக்கம் அளிக்கும் வழியே சரியான வழி என்றார். இருவருக்கும் எவ்வளவோ பேதம் இருந்தாலும், நரி அடுத்த வருஷமும் அங்கே இருக்குமா என்ற கேள்வி இருவர் மனத்திலும் எழவில்லை.

காட்டுப் பிராணி எவனுக்கும் சொந்தமன்று, பிடித்தவனுக்கே சொந்தம் என்ற இந்தத் தத்துவம் ரோமானியச் சட்டத்திலிருந்தே வருவது. இறைச்சிக்காக வேட்டையாடும் சிறிய சமூகத்தில் அதனால் பெருங்கேடு விளைவதில்லை. தோலைக் கடல் கடந்த சந்தைக்கு அனுப்பும் வியாபாரம் புகுந்த இடத்திலோ அது சர்வநாசத்துக்கு வழிகோலிவிடும், ஏனெனில் இன்றைக்கு ஒரு குட்டியை விட்டு வைப்பவன் அதை நாளைக்குத் தன் பக்கத்து வேட்டைக்காரனுக்குத் தானம் செய்தவனாகிறான். உரோமத்துக்காகக் கொல்லப்படும் பிராணிகளைப் பற்றிய சட்டங்களின் சரித்திரம் முழுவதும், இத்தத்துவத்தைச் சிறிது சிறிதாக வளைத்த சரித்திரமே ஆகும். அடுத்த பருவத்திலும் அதே ஓடையில் தனக்கு உரிமை உண்டு என்ற உறுதி பொறி வைப்பவனுக்கு இருந்த இடங்களிலேதான் அச்சட்டங்கள் உயிரோடு நடந்திருக்கின்றன. அந்த உறுதி இல்லாத இடங்களில் அவை காகிதத்திலே எழுதப்பட்டுக் காகிதத்திலேயே தங்கிவிட்டன என்பது, பல தேசங்களின் விதிகளையும் ஒப்பிட்டு நோக்குகையில் எனக்குத் தோன்றும் முடிவு.

முதலில், காலத்தைப் பற்றிய விதி. வட அமெரிக்காவிலும் சைபீரியாவிலும் வாழும் பீவர், மார்ட்டென், மிங்க், நீர்நாய், லின்க்ஸ், நரி முதலிய பிராணிகளுக்கு, குளிர் நெருங்க நெருங்க, வெளியே தெரியும் நீண்ட மயிருக்கு அடியில் மிக நுண்ணிய அடிமயிர் அடர்ந்து வளர்கிறது. அந்தச் சமயத்தில் உரித்த தோலின் உட்புறம் வெளுத்துத் தூய்மையாக இருக்கும்; கோடையில் உரித்ததோ உட்புறம் கருநீலம் பாய்ந்து, மயிரும் உதிர்ந்து, வாங்குவாரின்றிக் கிடக்கும். ஆகவே பெரும்பாலான இடங்களில் இலையுதிர்காலத்தின் பிற்பகுதி தொடங்கிக் குளிர்காலம் முடியும் வரையில் வேட்டைக்காலம் என்றும், எஞ்சிய மாதங்கள் தடைக்காலம் என்றும் ஏற்பட்ட விதி, வியாபாரத்தின் நன்மையை முன்னிட்டே பிறந்ததாகும். காருண்யத்துக்கு அதிலே இடமிருந்ததாகச் சொல்ல முடியாது. எனினும் வசந்தத்தின் முடிவில் ஈன்று, ஏறக்குறைய இரண்டு வருஷம் குட்டிகளைத் தன் மனையிலேயே வைத்துக் காக்கும் பீவர் போன்ற பிராணிக்கு அந்த விதியினாற் கிடைத்த அவகாசம் சாமானியமானதன்று. எந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டாலும் வேட்டைக்காரர்கள் மனமுவந்து கீழ்ப்படிந்த பகுதி இதுவே. விலைபோகாத தோலுக்காக எவன் பனிக்கட்டி நீரில் கைவைப்பான்?

எத்தனை கொல்லலாம் என்ற இரண்டாவது விதிக்கு இத்தகைய இயற்கைத் துணை இல்லை. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் 1670-ஆம் வருஷம் மே மாதம் 2-ஆம் தேதி வழங்கிய சாசனத்தினால் பிறந்த ஹட்ஸன் பே கம்பெனி, பீவர் மயிரை அடித்து இறுக்கித் தொப்பி செய்யும் ஐரோப்பியத் தொழிலுக்கு மூலப்பொருள் அனுப்பியே செழித்தது. தனக்குப் போட்டியாயிருந்த நார்த் வெஸ்ட் கம்பெனியோடு நெடுங்காலம் பொருது, 1821-இல் அதைத் தன்னுள் இணைத்துக்கொண்ட பிறகு, அதன் கவர்னர் ஜார்ஜ் ஸிம்ப்ஸன் கையாண்ட இரண்டு கொள்கைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது போலப் படிப்பினை தருவது வேறொன்றும் இல்லை. போட்டியாளர் எவரும் நுழைய முடியாத வடபகுதியில், 1826 முதல் ஒவ்வொரு வியாபார நிலையத்துக்கும் இத்தனை பீவர் தோல்தான் என்று அளவு கட்டினார். கோடைத் தோலை வாங்கக் கூடாதென்று உத்தரவிட்டார். அதே கவர்னர், அதே காலத்தில், அமெரிக்க வேட்டைக்காரர்கள் வந்துகொண்டிருந்த ஸ்நேக் நதிப் பிரதேசத்திலே, அவர்கள் வந்தாலும் ஒன்றும் கிடைக்காதபடி ஓடைகளை அடியோடு வெறுமையாக்கிவிட வேண்டும் என்று பீட்டர் ஸ்கீன் ஆக்டன் முதலியோரின் தலைமையில் வருஷந்தோறும் வேட்டைப் படைகளை அனுப்பினார். பிராணியும் ஒன்றே, கம்பெனியும் ஒன்றே, தலைவரும் ஒருவரே. வேறுபாடெல்லாம், நாளைய தோல் யாருக்கு என்ற நிச்சயம் ஓரிடத்தில் இருந்ததும் மற்றோரிடத்தில் இல்லாததுமேயாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இதற்குப் பரிகாரமாக எழுந்தது, காட்டுப் பிராணிகள் அனைத்தும் மாகாண மக்களின் பொதுச்சொத்து, மாகாண அரசு அவற்றின் தர்மகர்த்தா என்ற கொள்கை. 1896-இல் கனெக்டிகட் மாகாணத்தைச் சேர்ந்த கியர் என்பவரின் வழக்கிலே உச்ச நீதிமன்றம் அதற்கு முத்திரையிட்டது. 1979-இல் ஓக்லஹாமா வழக்கு ஒன்றில் உடைமை என்ற அந்தப் பேச்சைக் கைவிட்டதாயினும், பிராணிகளைக் காக்கும் பொருட்டு விதி செய்யும் மாகாணத்தின் அதிகாரத்தை அது குலைக்கவில்லை. அயோவாவைச் சேர்ந்த ஜான் லேஸியின் பெயரால் வழங்கும் 1900-ஆம் வருஷத்துச் சட்டமோ, ஒரு மாகாணத்தின் விதியை மீறிக் கொன்ற பிராணியை மற்றொரு மாகாணத்துக்குக் கொண்டுபோவதைத் தேசியக் குற்றமாக்கியது. இன்று அந்நாட்டில் லைசென்ஸ், பருவம், தலைக்கு இத்தனை என்ற வரம்பு, பொறியிலே வைத்தவனை அடையாளம் காட்டும் தகடு, புதிதாகத் தொழிலுக்கு வருகிறவனுக்குப் பயிற்சி வகுப்பு என்று நாம் காணும் விதிகள் யாவும் இந்த வேரிலிருந்து கிளைத்தவை. அவற்றை ஒவ்வொன்றாக விவரிக்க இங்கே அவசியமில்லை.

ஆனால் எந்த மாகாணத்துக்கும் எந்தத் தேசத்துக்கும் எல்லையில்லாத சமுத்திரத்திலே மேயும் பிராணிக்கு யார் தர்மகர்த்தா? இந்தப் பிரசினை பெரிங் கடலிலே பூதாகாரமாக எழுந்தது. 1867-இல் ருஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்கா வாங்கியபோது, உரோம சீல்கள் லட்சக்கணக்கில் கரையேறி ஈனும் பிரிபிலாப் தீவுகளும் அதனோடு வந்தன. 1870-இல் அத்தீவுகளின் வேட்டையை ஒரே கம்பெனிக்கு 20 வருஷக் குத்தகைக்கு விட்டு, வருஷத்துக்கு ஒரு லட்சம் தோல் என்று வரம்பு கட்டினார்கள். ஓர் ஆண் பல பெண்களைச் சேர்த்துக்கொண்டு வாழும் இனமாகையால், துணை கிட்டாமல் ஒதுங்கித் திரியும் இளம் ஆண்களை மட்டும் கரையிலே கொல்லுவதனால் இனத்துக்குச் சேதம் விளையாது என்பது அவர்கள் கணக்கு, கணக்கு பிழையன்று. பிழை கடலிலே நடந்தது. குட்டியைப் பாறையில் விட்டு இரைதேடப் பல நாள் கடலில் உலவும் தாய்ச்சீலையும் இளம் ஆணையும் நீரிலே பிரித்தறிவது அரிது. கப்பலிலிருந்து சுட்டவர்கள் தாயையே பெரும்பாலும் சுட்டார்கள். சுட்டவற்றிற் பல, கைக்கு எட்டுமுன் மூழ்கின. கரையிலே குட்டி பட்டினியாற் செத்தது. தாயின் வயிற்றிலிருந்த அடுத்த கருவும் அவளோடு போயிற்று.

கடல் வேட்டைக் கப்பல்களை 1886 முதல் அமெரிக்கா சிறைபிடித்ததும், அவை பிரிட்டிஷ் கொடியுடையவையாதலால் இரு தேசங்களுக்கும் இடையே மனஸ்தாபம் முற்றியதும், 1893-இல் பாரிஸ் நகரிலே கூடிய மத்தியஸ்த சபை அமெரிக்காவுக்கு விரோதமாகத் தீர்ப்பளித்ததும் சரித்திரப் பிரசித்தம். மூன்று மைலுக்கு அப்பால் அந்தச் சீல்கள் மீது அமெரிக்காவுக்கு விசேஷ பாத்தியதை இல்லை என்ற அச்சபை, தீவுகளைச் சுற்றி 60 மைலுக்குள் கடல்வேட்டை கூடாதென்றும், மே முதல் தேதியிலிருந்து ஜூலை 31 வரையில் தடைக்காலமென்றும் சமாதானமாக இரண்டொரு விதிகளைச் செய்தது. அவ்விதிகள் இரண்டு தேசங்களை மட்டும் கட்டுப்படுத்தின. ஜப்பானியக் கப்பல்களைக் கட்டுப்படுத்தவில்லை. 60 மைலுக்கு அப்பால் இரைதேடும் தாய்களைக் காப்பாற்றவும் இல்லை. ஹென்றி எலியட் என்ற ஓவியர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் சீல்களுக்காகவே வாதாடிக் கழித்தார். கடைசியில் 1911-ஆம் வருஷம் ஜூலை 7-ஆம் தேதி, அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ருஷ்யா ஆகிய நான்கும் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கடல்வேட்டையை அடியோடு விலக்கி, அதனால் நஷ்டமடையும் தேசங்களுக்கு ஈடாக, பிரிபிலாப் தீவுகளில் கரையிலே எடுக்கும் தோல்களில் நூற்றுக்குப் பதினைந்து ஜப்பானுக்கும், பதினைந்து கனடாவின் பொருட்டுப் பிரிட்டனுக்கும் தருவதென்று முடிவாயிற்று. ஏறக்குறைய அழிந்தே போயிருந்த கடல் நீர்நாய்க்கும் அந்த உடன்படிக்கை அடைக்கலம் தந்தது.

இந்த ஏற்பாட்டின் நயத்தை நான் மிகவும் போற்றுகிறேன். கடலிலே கொல்லாதே என்று கட்டளையிட்டால் கேட்டிராத தேசங்களுக்கு, கரையில் வாழும் சீலிலே பங்கு தந்து, அது பெருகுவதில் அவர்களுக்கும் அக்கறையை உண்டாக்கினார்கள். 1912-இல் சுமார் இரண்டு லட்சமாகக் குறைந்திருந்த அந்த மந்தை, 1950-களில் 15 லட்சத்தை எட்டியதாக மதிப்பிட்டார்கள். அதன் பிறகு, பெண் சீல்களையும் ஓரளவு கழித்துவிட்டால் இனம் இன்னும் வேகமாகப் பெருகும் என்று நிபுணர்கள் எண்ணி 1956 முதல் அவ்வாறே கழித்தார்கள். எதிர்பார்த்த பெருக்கம் வரவில்லை, தொகைதான் சரிந்தது. 1911-ஆம் வருஷத்து உடன்படிக்கைக்குப் பதிலாகப் பிற்காலத்தில் வந்த உடன்படிக்கையும், புதுப்பிப்பதற்கு அமெரிக்க செனட் சம்மதியாமையால் 1984-இல் காலாவதியாயிற்று. ஆனால் ஒரு குறையை மறைக்கலாகாது. தீவுகளிலே அந்த வேட்டைத் தொழிலைச் செய்த அலியூட் மக்களுக்கு அந்த நான்கு அரசுகளும் பங்கு ஒன்றும் வைக்கவில்லை. சர்க்காரின் ஆதீனத்தில் கூலிகளாக வைக்கப்பட்டிருந்த அவர்களை, 1942-இல் யுத்தத்தின் காரணமாகத் தென்கிழக்கு அலாஸ்காவின் ஃபண்டர் வளைகுடாவிலிருந்த பாழடைந்த கட்டடங்களுக்குக் கொண்டுபோய், நோயிலும் குளிரிலும் பலர் மாண்டுபோக விட்டு, மறு வருஷம் சீல்வேட்டைக்காக மட்டும் ஆண்களைத் திருப்பி அழைத்துப் போனார்கள். சீலுக்குக் கிடைத்த பாதுகாப்பில் நூற்றில் ஒரு பங்கும் சீல் பிடித்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு எதிர்மாறான ஓர் உதாரணம் ஜேம்ஸ் வளைகுடாவின் கீழ்க்கரையிலே இருக்கிறது. 1920-களின் இறுதியில் வெளியூர் வேட்டைக்காரர்கள் புகுந்து கொள்ளையடித்ததனால் ரூபர்ட் ஹவுஸ் என்ற வியாபார நிலையத்தைச் சுற்றிப் பீவரே அற்றுப்போக, அங்குள்ள க்ரீ மக்கள் பட்டினிக்கு ஆளானார்கள். நிலையத்தின் தலைவராயிருந்த ஜேம்ஸ் வாட்டும் அவர் மனைவி மாட் வாட்டும், எஞ்சியிருந்த சில பீவர்களைக் கொல்லாமல் விடுமாறு வேட்டைக்காரர்களை வேண்டி, அதற்கு ஈடாகக் கைப்பணம் கொடுத்தார்கள். மாட் வாட், குழந்தைகளோடு பனிப்பிரதேசத்தைக் கடந்து க்யூபெக் நகரத்துக்குச் சென்று சர்க்காரோடு வாதாடியதன் பயனாக, 1932-இல் சுமார் 7,200 சதுர மைல் பரப்பு பீவர் சரணாலயமாயிற்று. அந்தச் சரணாலயத்துக்குக் காவலர்களாக நியமிக்கப்பெற்றவர்கள் வெளியிலிருந்து வந்த போலீஸார் அல்லர். அந்தந்த நிலத்தில் பரம்பரையாக வேட்டையாடி வந்த க்ரீ குடும்பத் தலைவர்களே.

அவர்கள் கணக்கெடுத்த விதத்தைச் சிறிது கவனிக்கலாம். ஏரி உறையும் பருவத்தில் பனிக்கட்டிமேல் நடந்துபோய், சுள்ளியும் சேறும் குவித்துக் கட்டிய பீவர் மனை ஒவ்வொன்றையும் அணுகி, உச்சியிலே உள்ளிருக்கும் உயிர்களின் மூச்சுச்சூட்டினால் பனி உருகிய சிறு துளை தென்படுகிறதா என்று பார்ப்பார்கள். மனைக்கு எதிரே, குளிர்காலத் தீனிக்காக நீரடியில் குத்தி வைத்த பாப்லார், வில்லோக் கிளைகளின் நுனிகள் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இரண்டும் இருந்தால் அது குடியிருக்கும் வீடு. இவ்வாறு எண்ணிய வீடுகளின் தொகையைக் கொண்டு, இந்த ஏரியில் இத்தனை, அந்த ஓடையில் இத்தனை என்று வரம்பு கட்டி, ஏறக்குறைய எட்டு வருஷம் ஒன்றையும் கொல்லாமல் காத்திருந்து, 1940 வாக்கிலே மறுபடியும் பொறி வைத்தார்கள். எங்கோ ஒரு தலைநகரத்தில் இருப்பவர் நிச்சயிக்கும் எண்ணுக்கும், துளையையும் கிளையையும் கண்ணாற் கண்டவன் நிச்சயிக்கும் எண்ணுக்கும் உள்ள வேற்றுமையே, என் அபிப்பிராயத்தில், நல்ல வேட்டைச் சட்டத்துக்கும் தீய வேட்டைச் சட்டத்துக்கும் உள்ள வேற்றுமை.

கனடா முழுவதும் பரவிய பதிவுபெற்ற பொறித்தடம் என்ற முறையும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1926-இல் இதைத் தொடங்கிவைக்க, பிற மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. இன்ன நதியிலிருந்து இன்ன மலைமுகடு வரையில் பொறி வைக்கும் உரிமை இன்னாருக்கே என்று பதிவாகிவிட்டால், அவர் அந்த நிலத்தின் கருவைத் தாமே காப்பார் என்பது எண்ணம். எண்ணம் நல்லதாயிருந்தும் அதை நடத்திய விதம் பல இடங்களில் அக்கிரமமாக முடிந்தது. பதிவுப் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்படாத ஆதிக்குடிகள், தங்கள் பாட்டன் பூட்டன் வேட்டையாடிய நிலம் வெள்ளைக்காரர் பெயரிலே பதிவாகியிருப்பதைப் பிறகுதான் கண்டார்கள். இந்த அநியாயத்துக்கு ஓரளவு பரிகாரம் 1975-இல் கையெழுத்தான ஜேம்ஸ் வளைகுடா, வட க்யூபெக் ஒப்பந்தத்தில் கிடைத்தது. உரோமப் பிராணிகளைப் பொறிவைத்துப் பிடிக்கும் தனியுரிமையை அங்கே க்ரீ, இன்யூட் மக்களுக்கே ஒதுக்கியதோடு, ஒவ்வொரு க்ரீ வேட்டைநிலத்துக்கும் பொறுப்பான பரம்பரைத் தலைவனின் ஸ்தானத்தையும் அந்த ஒப்பந்தம் அங்கீகரித்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1990-இல் ஸ்பாரோ என்பவரின் மீன்பிடி வழக்கில் வகுத்த வரிசை, இனத்தைக் காப்பது முதலாவது, ஆதிக்குடிகளின் உணவுரிமை அதற்கு அடுத்தது, மற்றெல்லாம் பிறகு என்பது, இத்தகைய வழக்குகளுக்கெல்லாம் வழிகாட்டியாக நிற்கிறது.

இதுகாறும் கண்டவை காலத்தையும் தொகையையும் ஆளையும் பற்றிய விதிகள். பிராணி எவ்வாறு சாகிறது என்பதைப் பற்றிச் சட்டம் வாய் திறக்க மிகவும் தாமதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நியூயார்க் மாகாணத்து ஓனைடா சமூகத்தில் ஸ்யூவல் நியூஹவுஸ் செய்து பரப்பிய எஃகுக் கால்பொறியைக் கையிலெடுத்துப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். இரண்டு அரைவட்டத் தாடைகள், அவற்றை ஓயாது மூடத் துடிக்கும் வில் ஒன்றோ இரண்டோ, நடுவே ஒரு சிறு தட்டு. தாடைகளை விரித்துத் தட்டின் ஓரத்தில் ஒரு கொக்கியை மாட்டி, மேலே இலைச்சருகையும் மண்ணையும் தூவி, சங்கிலியை முளையிலே கட்டிவிடுவார்கள். பிராணியின் பாதம் தட்டிலே அழுந்தியதும் கொக்கி நழுவ, தாடை காலைக் கவ்வுகிறது. அதோடு அது சாவதில்லை. கவ்விய நிலையில் இரவெல்லாம் இழுத்துப் புரண்டு, சில சமயம் தன் காலைத் தானே கடித்துக்கொண்டு, வைத்தவன் வரும்வரை காத்திருக்கிறது. வைத்தவன் எப்போது வருவான் என்பதே அதன் வேதனையின் அளவு.

வடபகுதிகளில் வேட்டையாடிய ஃபிராங்க் கானிபியர் என்பவர் 1950-களிலே உருவாக்கிய வேறொரு பொறி, இரண்டு சதுரச் சட்டங்களைக் கத்தரிபோல் பிணைத்து, பிராணியின் கழுத்தையோ மார்பையோ இறுக்கி விரைவிலே கொல்லும்படி அமைந்தது. இங்கிலாந்து 1954-ஆம் வருஷச் சட்டத்தினால், 1958 ஜூலை முடிவோடு பல்வைத்த கால்பொறியை நாடு முழுவதும் விலக்கியது. ஐரோப்பிய சமூகம் 1991 நவம்பரில் செய்த விதியோ இன்னும் ஓரடி முன்னே சென்று, 1995 முதல் தன் எல்லைக்குள் கால்பொறியைத் தடுத்ததன்றி, அதைக் கைவிடாத தேசங்களிலிருந்து பீவர், நீர்நாய், ஓநாய், லின்க்ஸ், பாப்கேட் முதலிய 13 வகைப் பிராணிகளின் தோலை வாங்கமாட்டோம் என்றும் எச்சரித்தது. வியாபாரத்தையே நம்பியிருந்த கனடாவும் ருஷ்யாவும் கலங்கின. பேச்சுவார்த்தையின் முடிவில் 1997-98-இல் அவ்விரு தேசங்களும் ஐரோப்பிய சமூகத்தோடு ஓர் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. அமெரிக்கா தனியாக ஓர் இசைவு தெரிவித்தது.

இவ்வுடன்படிக்கையில் காணும் எண்கள் நெஞ்சை உறுத்துபவை. ஒரு கொலைப்பொறி தகுதியுடையதென்று சான்று பெற, சோதித்த பன்னிரண்டு பிராணிகளுக்குக் குறையாத தொகையில் நூற்றுக்கு எண்பதாவது, குறித்த நேரத்துக்குள் உணர்விழக்க வேண்டும். எர்மினுக்கு அந்த நேரம் 45 விநாடி, மார்ட்டெனுக்கு 120 விநாடி, பீவர் முதலிய மற்றவற்றுக்கு 300 விநாடி. ஐந்து நிமிஷம் என்பது காருண்யத்தின் அளவாகுமா என்று கேட்பவர்களோடு எனக்கு வாதமில்லை. அவர்கள் கேட்பது நியாயம். ஆனாலும், பிராணியின் வேதனையை ஒரு கடிகாரத்தால் அளந்து, அளவுக்கு மிஞ்சினால் அந்தப் பொறியை விற்கவும் வைக்கவும் கூடாதென்று ஒரு சர்வதேசச் சட்டம் சொன்னது அதுவே முதல் தடவை என்பதையும் மறந்துவிடலாகாது. விலக்குகள் அதில் பலவுண்டு. ஹாலந்திலே கடலைத் தடுக்கும் மண்ணணைகளைத் துளைக்கும் மஸ்க்ராட்டை அரசாங்கமே ஆள் வைத்துப் பிடிக்கிறது. அந்தப் பிராணியோ, 1905-இல் பொஹீமியாவிலே ஒரு பிரபுவின் பண்ணைக்கு அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டதன் சந்ததி.

வாங்குபவன் விதிக்கும் சட்டம் வலிமையுடையது. அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை அவன் காண்பதில்லை. 1983-இல் ஐரோப்பியர்கள் வெண்மயிர்ச் சீல்குட்டிகளின் தோலைத் தடுத்தபோது, அந்தக் குட்டிகளை ஒருபோதும் கொல்லாத, வளர்ந்த சீலையே உண்டு உடுத்தி வாழும் இன்யூட் மக்களின் தோலும் விலைவீழ்ந்து, பனிநாட்டுக் கிராமங்கள் வறுமையில் ஆழ்ந்தன. 2009-இல் சீல் பொருள்கள் அனைத்தையும் ஐரோப்பா விலக்கியபோது இன்யூட்களுக்கு விதிவிலக்கு அளித்தும், சந்தையே மூடிவிட்ட பிறகு அந்த விலக்கினால் அவர்களுக்குப் பெரிய பயன் விளையவில்லை. பொதுமக்களின் தர்ம உணர்ச்சியைக் காக்க அத்தகைய தடை விதிக்கலாம் என்று 2014-இல் உலக வர்த்தக நிறுவனத்தின் மேல்முறையீட்டு மன்றம் ஒப்புக்கொண்டது சட்டத்தில் ஒரு பெரிய அடி. ஆனால் அந்த அடியின்கீழ் நசுங்கியவர்களையும் கணக்கில் சேர்ப்பது நம் கடமை.

அமெரிக்காவிலே பல மாகாணங்கள் இக்கேள்வியைச் சட்டசபைக்கு விடாமல் நேரே ஜனங்களின் வாக்குக்கு விட்டன. மாஸசூஸெட்ஸ் மக்கள் 1996-இல் கால்பொறியையும் உடல்நெரிக்கும் பொறிகளையும் விலக்கினார்கள். பீவர்கள் பெருகி, சாலைகளிலும் கிணறுகளிலும் வீட்டு நிலவறைகளிலும் நீர் புகுந்ததாகப் புகார்கள் குவிய, 2000-இல் சட்டத்தைத் திருத்தி, ஊர்ச் சுகாதார சபையிடம் அவசர அநுமதி பெற்றுப் பொறி வைக்கலாம் என்றார்கள். கலிபோர்னியாவில் 1998-இல் ஜனங்கள் கால்பொறியை விலக்கியபோது, அழிந்துவரும் சதுப்புநிலப் பறவைகளின் முட்டைகளைத் தின்னும் செந்நரிகளை எவ்வாறு பிடிப்பது என்று ஆடபன் பறவைச் சங்கத்தாரே வழக்குத் தொடுக்க, அருகிவரும் உயிர்களைக் காக்கும் தேசியச் சட்டம் முன்னிற்கும் என்று 2002-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிராணி காருண்யம் ஒன்று, இனத்தின் பாதுகாப்பு வேறொன்று. இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2019-இல் அதே கலிபோர்னியா, உரோமத்துக்காகப் பொறி வைப்பதையே முற்றிலும் விலக்கிய முதல் மாகாணமாயிற்று. அரிய உயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 1973-ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி, அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பாப்கேட் தோலிலும் ஆற்று நீர்நாய்த் தோலிலும் சர்க்கார் முத்திரைத் தகடு தொங்குகிறது.

நம் நாட்டின் நிலை வேறு. நீலகிரியில் வேட்டைப் பருவமும் லைசென்ஸும் 1879-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டத்தினாலேயே ஏற்பட்டுவிட்டன; ஆனால் அது வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் விளையாட்டைக் காக்கும் சட்டம். 1972-ஆம் வருஷ வனஜீவிப் பாதுகாப்புச் சட்டம், கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இரைகாட்டி இழுப்பது எல்லாவற்றையும் வேட்டை என்ற ஒரே வரையறைக்குள் அடக்கியது; 1991-ஆம் வருஷத் திருத்தம் லைசென்ஸ் வேட்டையையே ஒழித்தது. இந்தியாவில் உரோமத்துக்காகச் சட்டபூர்வமாய்ப் பொறி வைக்கும் பருவம் என்று ஒன்று இல்லை. ஆயினும் நீர்நாய்த் தோலும் சிறுத்தைத் தோலும் இமயத்தைக் கடந்து திபெத்துக்குச் சென்றுகொண்டேயிருந்தன. 2006 ஜனவரியில் ஆந்திரத்து அமராவதியிலே கூடிய யாத்திரிகர்களிடம் தலாய் லாமா இந்தத் தோல்களை அணியவேண்டாமென்று சொல்ல, திபெத்தில் பல ஊர்களில் மக்கள் தங்கள் தோலாடைகளைத் தாமே தீயிலிட்டார்கள். நம் காவிரியிலும் மாயாற்றிலும் கூட்டமாக மீன்பிடித்துத் திரியும் வழுவழுத்த மயிருடைய நீர்நாய், 2019-இல் சர்வதேச வர்த்தகம் அறவே கூடாத பிராணிகளின் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு இன்று அபாயம் தோலைவிட, வலை கிழிகிறதென்று மீனவர் கொள்ளும் கோபத்திலிருந்தும், மணல் அள்ளுவதால் சிதையும் கரைகளிலிருந்துமே அதிகம் வருகிறது. காவிரிக்கரை மீனவனுக்கு நீர்நாயைக் காப்பதில் பங்கு ஒன்றும் எந்தச் சட்டமும் தரவில்லை. க்ரீ வேட்டைத் தலைவனுக்குத் தந்தது போன்ற ஒரு ஸ்தானத்தை அவனுக்கும் தருவதைப் பற்றி நம் வனத்துறையினர் ஆலோசித்தல் நலம்.

பொறி வைக்கும் தேசங்களில் இன்னும் தீராதிருக்கும் விதி ஒன்றே ஒன்று, மிகச் சிறியது போலத் தோன்றுவது: வைத்த பொறியை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை சென்று பார்க்க வேண்டும்? மற்ற விதிகளைப் போல் இதில் விஞ்ஞான விவாதத்துக்கு இடமில்லை. கவ்விய கால் எவ்வளவு நேரம் கவ்வப்பட்டிருக்கலாம் என்பதே கேள்வி. நெவாடா மாகாணத்தின் சட்டம் 96 மணி நேரம், அதாவது நான்கு நாள், அவகாசம் தருகிறது. நிலம் பாலைவனம், தூரம் அதிகம், தினந்தோறும் போய்வர இயலாது என்பது அங்கே சொல்லும் நியாயம். கொலராடோ ஆற்றுக்கு மறுகரையில் இருக்கும் அரிஸோனாவும் பாலைவனந்தான், தூரமும் குறைந்ததன்று. அங்கே ஒவ்வொரு நாளும் பொறியைப் பார்த்தாக வேண்டும். ஆகவே தூரத்தைக் காட்டும் நியாயம் நிற்காது. ஒருநாளில் சுற்றிவர முடிகிற அளவுக்கு மேல் ஒருவன் பொறி வைக்கலாகாது என்று விதி செய்தால், தொகைக்கும் வேதனைக்கும் ஒருசேர வரம்பு கட்டியதாகும். அந்த விதியை ஏற்க மறுக்கும் மாகாணங்கள் இன்னும் பல உள்ளன.